புரொஜெக்டரைப் படித்தவருக்கே மெட்ராலஜி வேலை

கோவைச் சுற்றுவட்டாரத்தில் 3டி ஸ்கேனிங் வேலைக்கு வருகிற ரெஸ்யூம்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'ஸ்கேனிங், ரிவர்ஸ் இன்ஜினியரிங் சாஃப்ட்வேர் தெரியும்.' அந்த வரி வேலை வாங்கித் தரலாம். ஆனால் அடுத்த வருடம் அதே வரியோடு இன்னொரு பேட்ச் வரும், உங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. பட்டன் அமுக்குவதை யாருக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். 'நேத்து சரியா காட்டுன மெஷின் இன்னிக்கு ஏன் தப்பா காட்டுது?' என்று ஓனர் கேட்கும்போது பதில் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் போய் உட்காருவதற்கான வழி இது.

உடுமலைப்பேட்டையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு தாண்டி மலுமிச்சம்பட்டி, குறிச்சி சிட்கோ. இன்னும் கொஞ்சம் போனால் பீளமேடு, கணபதி, அரசூர். பம்ப், மோட்டார், காஸ்டிங், டை, வெட் கிரைண்டர், டெக்ஸ்டைல் மெஷினரி, கம்ப்ரசர் என்று வளைந்த உருவம் உள்ள எல்லாப் பொருளும் இந்த வட்டாரத்தில் தயாராகிறது. இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில்தான் செய்தார்கள் என்பார்கள். வளைந்த உருவத்தை வெர்னியரால் அளக்க முடியாது. அதற்குத்தான் ஆப்டிகல் ஸ்கேனர்.

போட்டியும் சாதாரணமில்லை. பிஎஸ்ஜி, சிஐடி, ஜிசிடியில் படித்தவர்கள் அதே கேட் வாசலில் நிற்கிறார்கள். அவர்களோடு காலேஜ் பெயரில் மோதாதீர்கள், அதில் தோற்பீர்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பெட்டியில் மோதுங்கள். அந்தப் பெட்டிதான் புரொஜெக்டர்.

1. முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பிடியுங்கள்

ஸ்டிரக்சர்டு லைட் ஸ்கேனரில் ஒரு புரொஜெக்டரும் ஒன்றோ இரண்டோ கேமராவும் இருக்கும். புரொஜெக்டர், அளக்க வேண்டிய பொருள் மேல், அதாவது ஜாப் மேல், கோடுகளை வீசும். மேடு பள்ளத்தில் விழும் கோடு வளையும். பக்கவாட்டில் இருக்கும் கேமரா அந்த வளைவைப் பார்த்து, முக்கோணக் கணக்குப் போட்டு உயரத்தைச் சொல்லும். வெறும் கறுப்பு வெள்ளைக் கோடாக இல்லாமல், வெளிச்சம் அலைபோல் ஏறி இறங்கும் சைன் பட்டைகளை வீசினால் பிக்சலுக்குள்ளேயும் அளக்கலாம். ஒரே பட்டையை மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வீசி, ஒவ்வொரு முறையும் படம் எடுப்பார்கள். இதற்கு ஃபேஸ் ஷிஃப்ட் என்று பெயர். வி. சீனிவாசன், லியு, ஹாலியோவா மூவரும் 1984-இல் அப்ளைடு ஆப்டிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கேமரா பார்ப்பதுதான் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு கேமராவும் ஒரு புரொஜெக்டரும் உள்ள செட்டப்பில் புரொஜெக்டரும் ஒரு அளவுகோல்தான். அது வீசும் பட்டை கோணலாக இருந்தால், கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கோணலைத்தான் ஒழுங்காக அளந்து தரும்.

2. காமாவைக் கணக்கோடு பேசுங்கள்

இன்டர்வியூவில் உங்களைத் தனியாகக் காட்டப்போகிற பாடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புரொஜெக்டருக்கு 100 என்று கிரே வேல்யூ கொடுத்து, பிறகு 200 கொடுத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகாது. கிட்டத்தட்ட நான்கரை மடங்கு ஆகும். சினிமாவும் பவர்பாயின்ட்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சுமார் 2.2 என்ற காமா வளைவை வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது நல்லது. அளவுக்கு விஷம். நீங்கள் அனுப்பிய அழகான சைன் அலை, இருட்டுப் பக்கம் அகன்றும் வெளிச்சப் பக்கம் குறுகியும் போய் விழும். அலைக்குள் வேண்டாத ஹார்மோனிக்ஸ் சேர்ந்துவிடும்.

எவ்வளவு கெடும்? காமா 2.2, பட்டை முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஹார்மோனிக், மூல அலையில் சுமார் 29 சதவீதம் இருக்கும். மூன்றாவது, சுமார் 1 சதவீதம். மூன்று படம் எடுக்கும் முறையை இரண்டாவது ஹார்மோனிக் நேரடியாக அடிக்கும். நான்கு படம் எடுக்கும் முறையை அது தொடவே தொடாது. அங்கே தொந்தரவு தருவது மூன்றாவது.

இதை மில்லிமீட்டரில் போட்டுப் பாருங்கள். 300 மி.மீ. அகலத்தை 912 பிக்சல் உள்ள புரொஜெக்டர் நிரப்புகிறது. ஒரு பட்டைக்கு 20 பிக்சல் என்றால் பட்டையின் அகலம் சுமார் 6.6 மி.மீ. கேமரா நேராகப் பார்க்கிறது, புரொஜெக்டர் 25 டிகிரி சாய்வில் இருக்கிறது. மூன்று படம் எடுத்தால் உயரத்தில் ஏறக்குறைய 0.6 மி.மீ. கூடியும் குறைந்தும் அலை வரும். அதே பெட்டி, அதே லென்ஸ், ஒரே ஒரு படம் கூடுதலாக எடுத்தால் அந்த அலை சுமார் 0.025 மி.மீ. ஆகச் சுருங்கும். காமா தவிர வேறு பிழை இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இருந்தாலும் அரை மில்லிமீட்டருக்கும் இருபத்தைந்து மைக்ரானுக்கும் நடுவில் இருப்பது ஒரு செட்டிங்தான் என்பதை ஓனர் முன்னால் பேப்பரில் போட்டுக் காட்ட முடிந்தவருக்கு இன்னொரு சர்டிபிகேட் தேவையில்லை.

இது கண்ணில் எப்படிப் படும்? மேட் வெள்ளைப் பூச்சு உள்ள ஒரு சமதளத் தட்டை ஸ்கேன் செய்யுங்கள். விலகலைக் காட்டும் கலர் மேப் முழுக்கப் பச்சையாக வரவேண்டும். காமா பிழை இருந்தால் பச்சை மேல் மஞ்சளும் நீலமுமாக வரிவரியாக ஓடும். ஒரு பட்டை அகலத்துக்குள் எத்தனை வரி என்று எண்ணுங்கள். மூன்று வரி இருந்து, நீங்கள் எடுத்ததும் மூன்று படம் என்றால் குற்றவாளி கிட்டத்தட்ட உறுதியாக காமாதான். நான்கு பட முறையில் நான்கு வரி வரும். பல ஆபரேட்டர்கள் இதைப் பார்த்துவிட்டு 'ஸ்மூத்திங்' பட்டனை அழுத்திவிடுவார்கள். வரி மறைந்துவிடும், கூடவே ஜாபின் ஷார்ப் எட்ஜும் மறைந்துவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். கஸ்டமர் ஜாபைத் திருப்பி அனுப்புவார்.

சரி செய்ய மூன்று வழி. ஒன்று, 0-இலிருந்து 255 வரை படிப்படியாக கிரே வீசி, கேமராவில் வரும் வெளிச்சத்தைக் குறித்து, வளைவை நேராக்கும் டேபிள் போடுவது. இரண்டு, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. மூன்றாவது கொஞ்சம் கில்லாடி வேலை: கறுப்பு வெள்ளைக் கோடுகளை மட்டும் வீசி, லென்ஸின் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் கோடு தானாகவே சைன் அலை மாதிரி மங்கும். ஆன், ஆஃப் இரண்டே நிலை என்பதால் காமாவுக்கு அங்கே வேலை இல்லை. ஷுவாங்யான் லெய், சாங் ஜாங் இருவரும் 2009-இல் வெளியிட்ட வழி அது. ஜாப் உயரம் அதிகமாக இருந்தால் மங்கல் இடத்துக்கு இடம் மாறும் என்பது அதன் பலவீனம். வழியைச் சொல்லும்போது பலவீனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாம் நல்லது என்று சொல்பவரை சேல்ஸ்மேன் லிஸ்டில் சேர்த்துவிடுவார்கள்.

3. 50 மில்லி செகண்ட் என்ற நம்பரை மனப்பாடம் செய்யுங்கள்

டிஎல்பி புரொஜெக்டருக்குள் இருப்பது கண்ணாடிச் சில்லுகள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய சிப் அது. ஸ்கேனர்களில் அதிகம் பயன்படும் டிஎல்பி 4500 சிப்பில் 912-க்கு 1140, அதாவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள். ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் 12 டிகிரி, அந்தப் பக்கம் 12 டிகிரி சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சம், மறு பக்கம் இருட்டு. நடுவில் எதுவும் கிடையாது.

அப்படியானால் கிரே எப்படி வருகிறது? கண்ணாடி படபடவென்று ஆடுகிறது. பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் கண்ணுக்குப் பாதி வெளிச்சம். கேமரா கண் மாதிரி இல்லை. ஷட்டர் பாதியில் மூடினால் அதற்கு அரைகுறைக் கிரேதான் கிடைக்கும். அதனால் கேமரா எக்ஸ்போஷர், புரொஜெக்டர் சைக்கிளின் முழு மடங்காக இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் புரொஜெக்டரின் ஒரு சைக்கிள் 16.67 மில்லி செகண்ட்.

இதோடு நம் ஊர் விஷயம் ஒன்று சேர்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷெட்டில் எரியும் சோக் டியூப்லைட் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மினுக்கும். எக்ஸ்போஷரை 50 மில்லி செகண்டில் வைத்தால் புரொஜெக்டருக்கு 3 முழு சைக்கிள், டியூப்லைட்டுக்கு 5 முழு மினுக்கல். இரண்டும் ஒரே நேரத்தில் அடங்கும். 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள நாட்டில் எழுதிய மேனுவலில் இது இருக்காது. டெமோவின்போது எக்ஸ்போஷரை 40-இல் வைத்துத் தட்டில் வரும் நடுக்கத்தைக் காட்டி, பிறகு 50-க்கு மாற்றி அது அடங்குவதைக் காட்டுங்கள். எதிரே இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார்.

ஆபீஸ் புரொஜெக்டரை வைத்து செய்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஒரு சிப் உள்ள டிஎல்பியில் கலர் வீல் சுற்றும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்ட அதில் வெள்ளைத் துண்டும் இருக்கலாம். 'பிரசன்டேஷன்', 'பிரைட்' மோடுகள் அந்த வெள்ளையைக் கலந்து காமா வளைவை இன்னும் கோணலாக்கும். அதோடு, கம்ப்யூட்டர் படத்தை மாற்றியதும் புரொஜெக்டர் உடனே மாற்றாது. சில ஃப்ரேம் தாமதமாகும். மாற்றியபின் கால் செகண்ட் விட்டுப் படம் எடுங்கள்.

4. பெட்டியில் எழுதியதை நம்பாதீர்கள்

'1080பி சப்போர்ட்' என்று ஆன்லைனில் விற்கும் சீப் புரொஜெக்டர்களில் பலவற்றின் உள்ளே இருக்கும் பேனல் அதில் பாதி ரெசல்யூஷன்கூட இராது. சப்போர்ட் என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நேட்டிவ் என்ன என்று கேளுங்கள். வாங்கியபின் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று கோடு வீசிப் பாருங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் நேட்டிவ். அலை அலையாகத் திட்டுத் தெரிந்தால் உள்ளே ஸ்கேலிங் நடக்கிறது.

கீஸ்டோன் கரெக்ஷனை ஆஃப் செய்யுங்கள். அது படத்தை உள்ளேயே இழுத்து வளைக்கிறது. ஆட்டோ கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ், ஈகோ மோடு எல்லாம் ஆஃப். ஜூம் ரிங், ஃபோகஸ் ரிங் இரண்டையும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலிபரேஷன் முடிந்தபின் யாராவது ரிங்கைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

5. சூடு: பாதிப் பழி இதன் மேல் போக வேண்டும்

புரொஜெக்டர் சூடாகிற பெட்டி. ஆன் செய்த முதல் அரை மணி நேரத்தில் எல்இடியின் வெளிச்சம் மாறும், லென்ஸ் பிடித்திருக்கும் மவுன்ட் விரியும், பட்டை பிக்சலின் சிறு பின்னமாவது நகரும். மேலே போட்ட அதே செட்டப்பில் ஒரு புரொஜெக்டர் பிக்சல் 0.33 மி.மீ. அதில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே உயரத்தில் சுமார் 0.07 மி.மீ. போய்விடும். எனவே ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்பே ஆன் செய்யுங்கள். சூடு நிலைத்தபின் காலிபரேட் செய்யுங்கள். டீ பிரேக்கில் ஆஃப் செய்யாதீர்கள். கரண்ட் ஏறி இறங்கும் ஷெட்டில் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

இதில் ஆபீஸ் பாலிடிக்ஸும் இருக்கிறது. அளவில் வரும் வித்தியாசம் மெஷினாலா ஆபரேட்டராலா என்று பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஸ்டடி தெரியும்தானே? மூன்று ஆபரேட்டர், பத்து ஜாப், மூன்று முறை, மொத்தம் 90 அளவு. வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பாஸ், 30-ஐத் தாண்டினால் ஃபெயில், நடுவில் இருந்தால் யோசிக்க வேண்டும். காலையில் சூடாகாத மெஷினில் முதல் ஆபரேட்டரும், மதியம் சூடான மெஷினில் மூன்றாமவரும் அளந்தால், மெஷின் நகர்ந்தது ஆபரேட்டர் கணக்கில் எழுதப்படும். ஜூனியர் மேல் பழி விழும். அந்த ஜூனியர் நீங்களாக இருக்கலாம். ஜாபையும் ஆபரேட்டரையும் கலைத்துப்போட்டு அளக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு அளவிலும் நேரத்தைக் குறித்து வையுங்கள். உங்களைக் காப்பாற்ற அந்த நேரக் குறிப்பு ஒன்று போதும்.

ஜாபும் சூடாகும். அளவுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. நம் ஊர் வெயிலில் ஷெட்டுக்குள் 35 இருந்தால், 300 மி.மீ. நீள அலுமினியம் காஸ்டிங் சுமார் 0.1 மி.மீ. நீண்டிருக்கும். இந்த 0.1-ஐத் தேடி புரொஜெக்டரைக் கழற்றுகிற ஆளும் இருக்கிறார். ஜாப் டெம்பரேச்சரை ரிப்போர்ட்டில் எழுதும் பழக்கத்தை முதல் நாளே ஆரம்பியுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். ஆடிட்டர் ஒருநாள் கேட்பார், அன்றைக்கு உங்கள் பெயர் மேலே போகும்.

6. எப்போது புரொஜெக்டரை விட்டுவிடலாம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்

எல்லாவற்றுக்கும் புரொஜெக்டர்தான் காரணம் என்று பேசினால் அதுவும் அரைகுறைதான். இரண்டு கேமரா உள்ள ஸ்கேனரில் கதை வேறு. இடது கேமராவும் வலது கேமராவும் ஒரே பட்டையைப் பார்க்கின்றன. பட்டை கோணலாக இருந்தாலும் இரண்டும் பார்ப்பது அதே கோணல். ஜாபின் எந்தப் புள்ளி எது என்று அடையாளம் சொல்வதுதான் அங்கே பட்டையின் வேலை. அளப்பது இரண்டு கேமராவும் சேர்ந்து. அதனால் காமாவும் லென்ஸ் கோணலும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். விலை உயர்ந்த ஸ்கேனர்கள் இரண்டு கேமரா வைப்பதில் இந்த லாபம் இருக்கிறது.

அங்கேயும் வெளிச்சத்தின் அளவு மட்டும் அடிபடாது. பட்டையின் கான்ட்ராஸ்ட் பாதியானால் அளவின் இரைச்சல் இரண்டு மடங்காகும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நான்கு மடங்கு படம் எடுக்க வேண்டும். எந்திரத்தில் சீவிய பளபள முகம், எண்ணெய் படிந்த கறுப்பு காஸ்டிங், ஜன்னல் வெயில் எல்லாம் கான்ட்ராஸ்ட்டைத் தின்னும். நீல எல்இடியும் கேமராவில் நீல ஃபில்டரும் வைப்பது வெயிலை வெளியே நிறுத்தத்தான். வெள்ளை ஸ்ப்ரே அடித்தால் கான்ட்ராஸ்ட் கிடைக்கும், ஆனால் ஸ்ப்ரேக்கும் தடிமன் உண்டு. கை கனத்தவர் அடித்தால் அதுவே ஒரு பிழை.

பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் தட்டும் அதிர்வும் இரண்டு கேமராவால் அடிபடாது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் ஜாப் அசைந்தால் எந்த புரொஜெக்டரும் காப்பாற்றாது. வேகமான புரொஜெக்டருக்குக் காசு கொடுப்பது அங்கேதான் நியாயம். டிஎல்பி 4500 எட்டு பிட் கிரேயை செகண்டுக்கு 120 வீசும், வெறும் கறுப்பு வெள்ளையை நான்காயிரம் வரை.

7. வீட்டில் ஒரு பெஞ்ச் போடுங்கள்

கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் புரொஜெக்டர், மேனுவல் எக்ஸ்போஷர் வைக்க முடிகிற யுஎஸ்பி கேமரா, லேப்டாப், பைத்தான். ஓப்பன்சிவி-யில் ஸ்டிரக்சர்டு லைட்டுக்கென்றே இலவச மாட்யூல் இருக்கிறது. செஸ் போர்டு ஷீட்டை கிளாஸ் மேல் ஒட்டிக் காலிபரேட் செய்யுங்கள். அட்டையில் ஒட்டாதீர்கள், வளையும்.

உடுமலை அரசுக் கலைக் கல்லூரியிலோ விசாலாட்சி மகளிர் கல்லூரியிலோ பிசிக்ஸ் படித்தவர்களுக்கு இதில் மெக்கானிக்கல் ஆட்களைவிட ஒரு படி அட்வான்டேஜ் உண்டு. இன்டர்ஃபியரன்ஸ், ஃபேஸ் எல்லாம் பரிச்சயம். டிகிரி பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

பெஞ்ச் ஓடியதும் நான்கு கிராஃப் எடுங்கள்: கிரே வேல்யூவுக்கு எதிரே வெளிச்சம், மூன்று பட முறையிலும் நான்கு பட முறையிலும் சமதளத் தட்டின் அலை, எக்ஸ்போஷரை மாற்றினால் வரும் நடுக்கம், ஆன் செய்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில் பட்டை நகர்ந்த தூரம். நான்கையும் ஒரே ஏ4 தாளில் பிரின்ட் போடுங்கள். ரெஸ்யூமின் இரண்டாம் பக்கம் அதுதான். ஹாபி, மதர் டங், ஃபாதர்ஸ் நேம் எல்லாம் அந்த இடத்தில் வேண்டாம்.

8. ஸ்டாண்டர்டு பெயர்களைச் சரியாகச் சொல்லுங்கள்

மூன்று போதும். ஆப்டிகல் ஸ்கேனரைச் சோதிக்க ஜெர்மன் வழிகாட்டி விடிஐ/விடிஇ 2634: பந்தை அளப்பதில் வரும் பிழை, இரண்டு பந்துகளுக்கு நடுவிலான தூரப் பிழை, சமதளப் பிழை என்று பார்க்கும். அதே வேலைக்கு 2021-இல் வந்த சர்வதேச ஸ்டாண்டர்டு ஐஎஸ்ஓ 10360 பாகம் 13. லேபுக்கு ஐஎஸ்ஓ 17025, அதற்கு அங்கீகாரம் தருவது என்ஏபிஎல். கோவை சிட்டார்க் மாதிரியான டெஸ்டிங் சென்டர்களில் அப்ரன்டிஸ் வாய்ப்பு வந்தால், சம்பளம் குறைவு என்றாலும் யோசியுங்கள். அன்சர்டெய்ன்டி கணக்குப் போடும் பழக்கம் ஷாப் ஃப்ளோரில் அவ்வளவு சீக்கிரம் வராது.

கொடிசியா இன்டெக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் பை நிறைய பிரோஷரோடு திரும்பாதீர்கள். ஸ்கேனர் ஸ்டாலில் நின்று இரண்டே கேள்வி கேளுங்கள். 'இந்த அக்யூரசி எந்த ஸ்டாண்டர்டுப்படிங்க?' 'வார்ம்-அப் எவ்வளவு நேரமுங்க?' பதில் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் பின்னாலிருந்து வருவார். அவர் விசிட்டிங் கார்டைத்தான் வாங்க வேண்டும். அப்ளிகேஷன் இன்ஜினியர் வேலை காலியானால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

9. இன்டர்வியூவில் நம்பரை அவசரப்பட்டு விடாதீர்கள்

ஓனர் கேட்பார்: "தம்பி, இந்த மெஷின்ல எவ்வளவு அக்யூரசி வரும்?"

"அஞ்சு மைக்ரான் வருமுங்க" என்று சொன்னால் கதை முடிந்தது. பிரோஷரைப் படித்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

"எந்த ஜாபுக்குங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பம்ப் கேசிங் ரா காஸ்டிங் என்றால் மெஷினிங் அலவன்ஸே மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும், 0.1 மி.மீ. தாராளம், ஸ்கேனர் போதும். இம்பெல்லர் வேன் வளைவுக்கு ஸ்கேனரை அடிக்க ஆள் இல்லை, ஆனால் இரண்டு வேனுக்கு நடுவிலுள்ள ஆழத்தில் பட்டை விழாது என்பதையும் சொல்லுங்கள். 52 மி.மீ. பேரிங் போர், எச்7 என்றால் மொத்த டாலரன்ஸே 30 மைக்ரான். பத்தில் ஒரு பங்கு விதிப்படி 3 மைக்ரானுக்கு அளக்க வேண்டும். "அதுக்கு ஸ்கேனர் வேண்டாமுங்க, போர் கேஜோ ஏர் கேஜோ போதும்" என்று சொல்லுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெஷினை வேண்டாம் என்று சொல்கிற ஆளை ஓனர் ஒரு நிமிஷம் முறைப்பார். அடுத்த நிமிஷம் மேனேஜரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்வார்.

தெரியாததைக் கேட்டால் "டெஸ்ட் பண்ணிப் பார்த்து நாளைக்குச் சொல்றேனுங்க" போதும். ஆனால் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

10. சேர்ந்தபின் முதல் மாதம்

தினமும் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் ஒரே சமதளத் தட்டையும் இரண்டு பந்துகள் பொருத்திய ஒரே பால் பாரையும் ஸ்கேன் செய்து, தட்டின் அலையையும் பந்துகளின் தூரத்தையும் ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். பத்து நிமிட வேலை. யாரும் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள். மெஷின் கெட ஆரம்பித்தால் கஸ்டமருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். ஷீட்டில் பெயரும் தேதியும் இருக்கட்டும், ஷேர்டு ஃபோல்டரில் போடுங்கள், வாரம் ஒருமுறை மேனேஜருக்கு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், அது மேலே போய்விடும், தேடினால் கிடைக்காது.

சீனியருக்குத் தெரியாததை எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். "அண்ணா, இந்த எக்ஸ்போஷரை மட்டும் ஒருக்கா 50-ல வெச்சுப் பார்க்கலாமுங்களா?" என்று தனியாகக் கேளுங்கள். சரியாக வந்தால் மீட்டிங்கில் அவரே உங்கள் பெயரைச் சொல்வார். சொல்லாவிட்டால் எக்செல் ஷீட் இருக்கிறது.

இன்க்ரிமென்ட் பேச்சு வரும்போது அந்த ஷீட்டைத் திறந்து, ரீஜெக்ஷன் வரும் முன் நீங்கள் பிடித்த நாட்களை மஞ்சள் அடித்துக் காட்டுங்கள். ஆபரேட்டர் கிரேடிலிருந்து இன்ஸ்பெக்ஷன் இன்ஜினியர் கிரேடுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். தொகையை மட்டும் கேட்காதீர்கள், டெசிக்னேஷனையும் லெட்டரில் எழுதி வாங்குங்கள். அடுத்த கம்பெனி சம்பளம் போடுவது அந்த லெட்டரைப் பார்த்துத்தான்.